ராசா வேஷத்துக்குத் தொடைக்கட்டை

அப்பிடி மடக்கி வச்சிக்கினா எப்பிடி மேஸ்திரி அளவு எடுக்கறது? காலை நீட்டி இந்த பெஞ்சு மேல போடுங்க. ம், அவ்ளோதான். சேறா கீதுனு கூச்சப்படாதீங்க, நானும் அதே சேத்துல கெடந்தவன்தானே. ஷிப்டு முடிஞ்சி சுரங்கத்துலருந்து மேல வந்து, கேஜ்லருந்து எறங்கி நேரா இங்க வந்துட்டீங்க போலகீது, வூட்டுப் பக்கம்கூட போகல. நாளைக்குக் காலைல அம்மன் கோயில் படுகளக் கூத்து. இன்னிக்கு வந்து தொடைக்கட்டை வேணும்னு நிக்கறீங்க. பரவால்ல. உங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்.

மெலிசுப் பலகைல பூ வெட்டு போட்டு, சந்துல கண்ணாடித் துண்டு ஒட்டி, பின்னால வாரு வச்சித் தர்றேன். தொடைல கட்டிக்கினு ஆடினா தகதகனு... இன்னாது? உள்ள தகடா? இரும்புத் தகடு வெக்கணுமா?

ஐயோ, சிரிக்கல மேஸ்திரி. மெய்யாலுமே சிரிக்கல. போன வருஷம் ஏகாம்பரம் இதே பெஞ்சுல குந்திக்கினு இதே மாதிரிதான் கேட்டான். அது ஞாபகம் வந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. அவனும் ராசா வேஷம். இந்த வருஷம் நீங்க ராசா வேஷம். அவன் மாருக்குக் கேட்டான், நீங்க தொடைக்குக் கேக்கறீங்க.

தண்டாயுத வேஷம் உங்க மச்சான் கன்னியப்பன்தானே? அப்புறம் இன்னா பயம்? சொந்த அக்கா புருஷன போட்டு அடிச்சிடுவானா? ... ஓ, சாமி வந்துட்டா மச்சான் மாமன்னு பாக்காதா. அதுவும் சரிதான். அந்த விஷயம் உங்களவிட யாருக்குத் தெரியும். போன வருஷம் அந்தத் தண்டு உங்க கையிலதானே இருந்துச்சு.

கோவிச்சிக்காதீங்க. ஊரே பேசறத நானும் பேசறேன். காப்பு கட்டினப்புறம் வேஷத்துப் பேரத்தான் வாயால சொல்லக்கூடாது, ராசா, தண்டு, அம்மன்னு பொதுவா சொல்லிக்கலாம். நடந்தத சொல்லக்கூடாதுனு யாரும் கட்டுப்பாடு போடலையே.

தகடுக்கு இந்நேரத்துல நான் எங்க போறது? ஒர்க்ஷாப் பூட்டிட்டான். ஆண்டர்சன்பேட்டைல போய்த் தேடினா ஓட்டைத் தகரம்தான் கெடைக்கும். ... எத்த சொல்றீங்க? ஏகாம்பரத்து மார்க்கட்டையா? ஆமா, கோயில் பெட்டிலருந்து எடுத்து, உங்க மாருக்கு வாரு மாத்தறதுக்குனு நேத்துதான் குடுத்தாங்க. தோ மாட்டி வச்சிருக்கேன். அதுல கீற தகட்ட கழட்டி தொடைல வெக்கட்டுமா? மாருக்கு வேணாமா அப்போ? ... பாரமா கீதா. மூச்சு முட்டுதா. சரி, உங்க இஷ்டம். அடி விழப்போற எடம் தொடைதானே, மாருக்கு எதுக்கு. உங்க வாயாலயே சொல்லிட்டீங்க, கழட்டிடறேன்.

ஆணிய புடுங்கணும், கொஞ்சம் சத்தம் வரும். குடிக்கத் தண்ணி அந்த கூஜாவுல கீது.

இந்தத் தகடு இன்னாதுனு தெரியுதா? கல்லு தள்ளற டப் வண்டியோட அடித்தகடு. ஏகாம்பரமே எங்கயோ தேடி அறுத்துக்கினு வந்தான், துண்டுல சுத்தி, அக்குள்ள வச்சிக்கினு. வந்து அந்தச் செவுத்துல ஒட்டியிருந்த படத்தப் பாத்துக்கினே நின்னான். சுரங்கக் கேப்டனோட தொரைசானிக்காக நான் வெட்டிக்கினு இருந்த கடியாரத் தட்டு அது. அவங்க ஊர்லருந்து வந்த படத்த பலகை மேல கஞ்சி போட்டு ஒட்டி, கோட்டு மேலயே மிதி ரம்பத்த ஓட்டணும். தோ இந்த ரம்பம்தான். காலால மிதிச்சா மேலயும் கீழயும் குதிக்கும். பிளேடு கம்பி மாதிரி மெலிசு, கொஞ்சம் அவசரப்பட்டா பட்டுனு தெறிச்சிடும். படத்துல பூரா திராட்சைக் கொடி, திராட்சை எல, நடுவுல கடியாரம் வெக்க வட்டமா ஒரு ஓட்டை.

இதையே எனக்கு மார்க்கட்டையா பண்ணிக் குடுடான்னான். ராசா மாருல எதுக்குடா திராட்சைன்னேன். உங்க தொரைசானிக்கு மட்டும்தான் திராட்சையா, நம்ம ராசாவுக்குக் கெடையாதான்னான். சிரிச்சிக்கினேதான் சொன்னான். அப்பால தகட்ட எடுத்து பெஞ்சு மேல வச்சான். இத்த உள்ள வை, வெளில தெரியக்கூடாது, மேஸ்திரி என்னைக் கொல்லப் பாக்கறான்னான்.

ஆமா, உங்களத்தான் சொன்னான். வேற எத்தினி மேஸ்திரி கீறாங்க நம்ம ஷாப்டுல.

அசையாதீங்க, கயிறு போட்டு அளக்கறேன். நல்ல தொடை மேஸ்திரி உங்களுக்கு. அவனுது ஒல்லி.

மேஸ்திரி எதுக்கு உன்னக் கொல்லணும்னு நெனைப்பாருனு நான் அவனக் கேக்கல. தெரியாதா எனக்கு? அவன் தம்பி செத்த அன்னிக்கு நானும் கீழதானே இருந்தேன், மரம் முட்டுக் குடுத்துக்கினு. ராத்திரி வச்ச வெடிமருந்துல ஒரு குழி வெடிக்கலனு அந்தப் பையன் தலைபாடா அடிச்சிக்கினான். நீங்க பேகா பேகானு அவசரப்படுத்திக் கத்தினீங்க. அதே குழி பக்கத்துல, பாறைல ஓட்டை போடற ஜம்பர் கம்பிய வச்சி அடிக்கச் சொல்லி முதுகுல ஒதைச்சீங்க. அடிச்சான். வெடிச்சிது. அவன கூடைல அள்ளிக்கினு வந்தோம் மேஸ்திரி. நான் ஒரு கூடை தூக்கினேன். முகம்னு ஒண்ணும் இல்ல, ஒரு காது இருந்துச்சு, அதுல கடுக்கன் இருந்துச்சு. அத வச்சித்தான் இது யாருனு சொன்னோம். நீங்க கேப்டன் தொரைகிட்ட, சொன்ன பேச்சு கேக்காம அடிச்சான்னு சொன்னீங்க.

அதுக்குத்தான் ஏகாம்பரம் ஷாப்டு வாசல்ல நின்னான். கேஜ் மேல வந்துச்சு, கதவு தொறந்துச்சு, நீங்க எறங்கினீங்க. ரெண்டு ஷிப்டு ஆளுங்களும் பாக்கப் பாக்க செருப்ப கழட்டி உங்க கன்னத்துல அடிச்சான். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. உங்க தலப்பா அவுந்து சேத்துல விழுந்துச்சு. நீங்க திருப்பி அடிக்கல. கத்தல. தலப்பாவ எடுத்து ஒதறிக்கினு சிரிச்சீங்க.

அப்பால கோயில்ல நீங்க போய், இந்த வருஷம் தண்டு எடுக்கறது நான்னு காப்பு கட்டிக்கினீங்க. ஒருநாளும் வேஷம் போடாத மனுஷனுக்கு திடீர்னு இன்னா பக்தினு எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. எனக்கும் ஏகாம்பரத்துக்கும்தான் புரிஞ்சிது.

விலகிக்கடானு சொன்னேன் அவன்கிட்ட. கெஞ்சினேன். நான் காப்பு கட்டியாச்சு, அறுத்துக்கினு ஓடினா லைன் வூடுங்கள்ல பிளேக்கு நோவு வந்தது என்னாலதான்னு சொல்லுவாங்க, என் பொண்டாட்டி எந்தக் கொழாய்லயும் போய்த் தண்ணி புடிக்க முடியாதுன்னான். நாளைக்கு நீங்க ஓடிப்போனாலும் அதே கதிதானே மேஸ்திரி. ஓட மாட்டீங்க, எனக்குத் தெரியும். சொம்மா சொன்னேன்.

இருங்க, இப்ப மிதிக்கறேன். சத்தத்துல நீங்க பேசறது கேக்காது, நான் பேசறது உங்களுக்குக் கேக்கும். டைனமைட்டு பெட்டிப் பலகைதான் இது. வெள்ளையா, மெத்துனு, ரம்பத்துக்கு வெண்ணெ மாதிரி போவும். பாருங்க, எல எப்பிடி விழுதுனு. திராட்சையே போட்டுடறேன், மாருல கீறதுக்கு ஜோடியா இருக்கும்.

அவன் கட்டைல பெரிய வேலை இன்னான்னா, தகடு வச்சா பூ சந்துல இருட்டாத் தெரியும். ராசா மாருல கரி பூசின மாதிரி. பலகைய தடிமனா எடுத்தா பிளேடு தாங்கல, ஒடையுது. அப்புறம் ரெண்டா பண்ணேன். மேல மெலிசா பூ வெட்டு, கீழ தகடு, நடுவுல பளபளனு காக்காப்பொன்னு காயிதம். கடியார ஓட்டைல வட்டக் கண்ணாடி. தூரத்துலருந்து பாத்தா சூரியனே மாருல உக்காந்த மாதிரி. அவனுக்குக் கட்டிவிட்டேன். சுத்தியல எடுத்து என் கைல குடுத்து, அடிடான்னான். மாட்டேன்னேன். டேய், நீ அடிக்கலனா அவன் அடிப்பான், அடிச்சிப் பாருடா பேமானின்னான். அடிச்சேன். ரெண்டு அடி பின்னால போய் அந்தச் செவுத்துல மோதி நின்னான். நின்னு சிரிக்கறான். இன்னொன்னு போடுன்னான். புஜக்கட்டைல அடிச்சேன், தலைல கிரீடத்த வச்சிக்கினு அது மேலயும் அடிக்கச் சொன்னான். பைத்தியக்காரங்க மாதிரி நானும் அவனும் சிரிச்சிக்கினு கெடந்தோம். அப்பிடி ஒருத்தன் எனக்கு இனிமே பொறக்கமாட்டான்.

தொடைக்கும் வெக்கட்டுமாடானு கேட்டேன். வேணாம்னான். சுத்திச் சுத்தி கிறுக்கி ஆடணும், கால்ல பாரம் இருந்தா விழுந்துடுவேன், விழுந்தா அவனுக்கு சுலபமாயிடும்னான். தொடைல அடிக்கறது ஆட்டத்துல கீற அடி, அத ஊரே பாக்கும், அவன் அங்க அடிக்கமாட்டான், சண்டை போடற சாக்குல தவறிப்போய் பட்ட மாதிரி தலைலயோ மாருலயோதான் போடுவான். அப்பிடியே தொடைல பட்டா கால் ஒடியும், யார்னா சாவானா? இதான் அவன் சொன்னது. எனக்கும் சரினுதான் பட்டுச்சு.

கீழ போறவன் புத்தி அது. எங்களுக்குச் சாவுன்னா மேலருந்து விழறது. பாறை விழும், மரம் விழும், டப் விழும். தலையப் பாத்துக்கோ, நெஞ்சப் பாத்துக்கோனுதான் மொத நாள்லருந்து சொல்லித் தர்றாங்க. கதைல ராசாவோட தாயி கண்ணால பாத்த எடமெல்லாம் வச்சிரமாச்சு, தொடை மட்டும் தப்பிப்போச்சுனு வருஷா வருஷம் விடிய விடிய பாட்டா கேக்கறோம். அவனே அத்த பாடினவன். பாடிக்கினே மறந்துட்டான் பாருங்க.

தோ, வெட்டு முடிஞ்சிது. தூசிய ஊதிக்கறேன். தகட்ட உள்ள வச்சி ஆணி அடிக்கணும். பயப்படாதீங்க, உங்க தொடைல வச்சி அடிக்கமாட்டேன்.

அந்தக் காலைல நான் அம்மன் பந்தலுக்குப் பக்கத்துல நின்னேன். சாம்பியன் ரீப்ஸ் லைன்லருந்தெல்லாம் சனம். மண்ணால செஞ்ச ராசா மல்லாந்து கெடக்கறாரு, வயக்காடு அளவு. அவர் தொடைல செவப்புத் தண்ணிப் பானை பொதைச்சிருந்தாங்க. தண்டு அந்தப் பானைய ஒடைக்கணும், ஏகாம்பரம் ஐயோனு சாயணும், அம்மன் வேஷம் வந்து செவப்ப அள்ளித் தலைல பூசி கூந்தல் முடியணும். அவ்ளோதானே ஆட்டம்? நீங்க சுத்தி வந்தீங்க. மூணு சுத்து. நான் அவன் மாரையே பாத்துக்கினு இருந்தேன், கண்ணாடி பளிச்சு பளிச்சுனு அடிக்குது. நீங்க பானைகிட்ட போகவே இல்ல. குனிஞ்சி, பக்கவாட்டுல வீசி, அவன் தொடைல போட்டீங்க.

அந்த சத்தம் மேஸ்திரி. காஞ்ச மரத்த முட்டி மேல வச்சி ஒடிச்ச மாதிரி. அவன் கீழ விழுந்தான். நீங்க நிறுத்தல. மறுபடி அதே எடத்துல போட்டீங்க. மறுபடி. எலும்பு தோலக் கிழிச்சிக்கினு வெளில வந்துச்சு. ரத்தம் பீச்சி அடிச்சி உங்க வேஷம் பூரா நனைஞ்சிது. சனம் பானை ஒடைஞ்சிதுனு நெனைச்சிக்கினு கோவிந்தா போடுது! கை தட்டுது! பொன்னுரங்கம் அம்மன் வேஷத்துல தலைய விரிச்சிக்கினு ஓடிவந்தான், பாடிக்கினே ரெண்டு கையாலயும் அள்ளினான், அள்ளித் தலைல பூசினான். பானைத் தண்ணி சில்லுனு இருக்கும். இது சுட்டுது. பாட்டு நின்னுபோச்சு. அவன் கையப் பாத்தான், ஏகாம்பரத்தப் பாத்தான், அப்பிடியே வாயப் பொத்திக்கினு வாந்தி எடுத்தான். இன்னிக்கும் அவன் தலைக்கு எண்ண வெக்கறதில்ல, மொட்டை அடிச்சிக்கினு சுத்தறான்.

நான் தாவி ஓடினேன். துண்ட வச்சி அமுக்கினேன். நிக்கல. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போய்ட்டான். மாருல ஒரு கண்ணாடிகூட ஒடையல மேஸ்திரி. அவ்ளோ நல்ல வேலை.

... சாமி வந்துச்சுன்றீங்க. ஒண்ணுமே தெரியாதுன்றீங்க. சரி. சாமிதான். மூணு அடியும் இம்மிகூட நகராம ஒரே எடத்துல போட்டுச்சே அந்த சாமி, அதுக்குக் கண்ணு நல்லா கீது. அந்தத் தண்ட நான்தான் செஞ்சேன், கல்யாண முருங்கை மரத்துல, கொழந்தகூட தூக்கலாம். அத வச்சி அடிச்சா எறும்பு சாவாது. ஆஸ்பத்திரில கட்டு போடற டிரஸ்ஸர் ஏசுபாதம் என்கிட்டயே சொன்னாரு, இது மரம் பட்ட எலும்பு இல்லடா, இரும்பு பட்ட எலும்புனு. சாமி ஏறின ஆயுதம் வூட்ல இருக்கக்கூடாதுனு நீங்க அன்னிக்கே அத்த கொளுத்தினீங்க. சாம்பல கிளறினேன். ஜம்பர் துண்டு ஒண்ணு கெடைச்சிது. அத எடுத்துக்கினு தொரைகிட்ட போனேன். சாமி விஷயத்துல நாங்க தலையிடறதில்லன்னுட்டாரு. போலீசும் அதையே சொல்லிச்சு.

உக்காருங்க. எதுக்கு எழுந்துக்கறீங்க? வாரு கட்டி முடிக்கல. நான் யாரையும் குத்தம் சொல்லல, நாட்டாருங்களே முடிவு பண்ணிட்டாங்களே. களத்துல நெஜ ரத்தம் விழுந்தா, அடிச்ச கை மறு வருஷம் ராசாவா மண்ணுல படுத்து அம்மாகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு. நீங்களும் எல்லாரையும் பாத்து சரின்னு தலையாட்டினீங்க. மச்சான்தானே தண்டு எடுக்கப்போறான், சொம்மா தொட்டு எடுத்துடுவான்னு தெம்பு. தெம்புக்கு மேல தகடு. நல்ல யோசனைதான்.

கால கொஞ்சம் தூக்குங்க. இந்த வாரு பெல்ட்டு தோலு, அறுக்க முடியாது. இறுக்கமா கீதா? இருக்கணும். ஆடும்போது நழுவினா அசிங்கமாயிடும். நல்லா அடிச்சிப் பாருங்க உங்க கையால. பாத்தீங்களா, டங்குனு. என் வேலைல நான் ஓட்டை வெக்கமாட்டேன் மேஸ்திரி, யார் கேட்டாலும். தொடைக்கு ஒண்ணும் ஆவாது, அதுக்கு நான் பொறுப்பு.

கன்னியப்பனா? ஆங், அவன் விஷயம் உங்களுக்குத் தெரியாதில்ல, நீங்க கீழ இருந்தீங்க. காலைல கேஜ்ல ஏறச்சொல்ல தள்ளுமுள்ளு, கதவு சாத்தும்போது அவன் கை நடுவுல மாட்டிக்கிச்சு. மணிக்கட்டு கூழாயிடுச்சு. தள்ளினது யாருனு கேட்டா அத்தினி பேருல யாரச் சொல்றது? இருட்டு வேற. ஆஸ்பத்திரில கீறான், உசுருக்கு ஒண்ணுமில்ல. ஆனா தண்டு எடுக்கமாட்டான்.

நிக்காது மேஸ்திரி. படுகளம் எப்பிடி நிக்கும்? அம்மாவுக்கு கொடி ஏத்தியாச்சே. மத்தியானமே நாட்டாருங்க கோயில்ல கூட்டம் போட்டு, யார் எடுக்கறதுனு கேட்டாங்க. ஏகாம்பரத்து பொண்டாட்டி வெங்கடம்மா எழுந்து வந்து தாம்பூலத் தட்ட எடுத்துச்சு, யாரையும் கேக்கல, நேரா ஒருத்தன் எதிர்ல வந்து நின்னுச்சு. அவன் கைய நீட்டினான். அதுவே மஞ்சக் கயிறு கட்டிவிட்டுச்சு.

தோ, சட்டைக் கைய மேல ஏத்தறேன், பாருங்க. மஞ்ச ஈரம்கூட இன்னும் காயல.

எழுந்து ரெண்டு நடை நடந்து காட்டுங்க மேஸ்திரி. தொடைல எங்கயாச்சும் இடிக்குதா?